துணியை மாற்றும் முன் இரும்பைப் பாருங்கள்: பழைய ஓப்பன் காரின் மடக்குக் கூரைச் சட்டத்தைச் சீரமைக்க ஒரு முழுமையான வழிகாட்டி

ஜனவரி மாதம் தென்னாப்பிரிக்காவின் டர்பனில் மழை சொல்லிக்கொண்டு வராது. மதியம் வரை வெயில் மண்டையைப் பிளக்கும். நாலு மணிக்கு மேற்கே கறுக்கும், அடுத்த பத்து நிமிடத்தில் கொட்டித் தீர்த்துவிடும். அப்படி ஒரு நாளில்தான் எங்கள் 1966 எம்ஜிபி என்ற பிரிட்டிஷ் ஓப்பன் காரில் மெரிபேங்கிலிருந்து சாட்ஸ்வொர்த்துக்கு ஒரு கல்யாணத்துக்குப் போய்க்கொண்டிருந்தோம். கூரைத் துணி புத்தம் புதியது, போட்டு மூன்று வாரம்கூட ஆகவில்லை. முன்கண்ணாடியின் மேல்விளிம்பிலிருந்து நூல் பிடித்தாற்போல் தண்ணீர் இறங்கி நேராக மனைவியின் பட்டுப்புடவை மடிப்பில் விழுந்தது. அவள் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால்கூடப் பரவாயில்லை என்று இருந்தது.

மறுநாள் பக்கத்து வீட்டுத் தாத்தா வந்து பார்த்தார். சர்க்கரை ஆலையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். கூரையைச் சுற்றி ஒரு முறை நடந்தார், விரலால் இரண்டு இடத்தில் அழுத்தினார். "துணி நல்லாத்தான் இருக்கு தம்பி. உள்ளே இரும்புதான் கோணல்," என்றார். கூரை என்றாலே நாம் துணியைத்தான் நினைக்கிறோம், பணத்தையும் அதற்கே கொட்டுகிறோம். துணியை இழுத்துப் பிடிப்பது சட்டம். சட்டம் கோணினால் எவ்வளவு விலை கொடுத்த துணியும் ஒரு மூலையில் தொங்கும், இன்னொரு மூலையில் கிழியும். அந்தத் துணியைக் கழற்றிப் போட்டுவிட்டு ஏழு மாதம் இரும்போடு மல்லுக்கட்டியதில் கற்றதை வரிசையாக எழுதுகிறேன். நான் கோயம்புத்தூர் லேத்துப் பட்டறையில் வளர்ந்தவன் என்பதால் சில இடங்களில் கொஞ்சம் அதிகமாகவே பேசுவேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் கூரை எந்த வகை

எல்லா ஓப்பன் கார்களுக்கும் ஒரே கூரை கிடையாது. 1962 முதல் 1980 வரை வந்த எம்ஜிபியிலேயே மூன்று வகை உண்டு. தொடக்க காலத்தில் சட்டத்தைத் தனியாகக் கழற்றி டிக்கியில் வைக்கும் வகையும், வண்டியோடு சேர்ந்து பின்னால் மடங்கும் வகையும் இருந்தன. 1971 மாடலிலிருந்து இத்தாலிய வடிவமைப்பாளர் மிக்கெலோட்டியின் மடிப்புச் சட்டம் வந்தது. 1969 வரை வந்த மோரிஸ் மைனர் கன்வெர்ட்டிபிளில் முன்சட்டம், அதாவது முன்கண்ணாடியின் மேல் உட்காரும் குறுக்குச் சட்டம், மரம். கார்மன் என்ற ஜெர்மன் பாடி நிறுவனம் கட்டிய ஃபோக்ஸ்வேகன் பீட்டில் கன்வெர்ட்டிபிளில் மரமும் இரும்பும் கலந்திருக்கும், உள்கூரையும் பஞ்சும் சேர்ந்து கூரை ஒரு மெத்தையின் கனம் இருக்கும். உதிரி வாங்கும் முன் உங்களுடையது எது என்று உறுதி செய்துகொள்ளுங்கள். கூரையை முன்கண்ணாடியோடு பூட்டும் தாழ், ஒரு வகையினுடையது இன்னொன்றுக்குப் பார்வைக்குப் பொருந்துவதுபோல இருக்கும், பூட்டினால் 5 மி.மீ. தள்ளி நிற்கும். நான் இங்கே எழுதுவது கையால் மடக்கும் இரும்புச் சட்டத்துக்கு. மோட்டாரும் எண்ணெய்க் குழாயும் வைத்த அமெரிக்கக் கார்களின் கதை வேறு.

கூரைக்கு முன் கதவு

தாத்தா முதலில் திறந்து பார்த்தது கதவை. ஓப்பன் காருக்கு மேலே இரும்புக் கூரை இல்லாததால் வண்டியின் பலம் முழுக்க அடியில்தான், குறிப்பாகக் கதவுக்குக் கீழே முன்னும் பின்னும் ஓடும் பெட்டிச் சட்டத்தில். கடற்காற்று அடிக்கும் ஊரில் அதுதான் முதலில் உளுத்துப்போகும். அது உளுத்தால் வண்டி நடுவில் தொய்யும், முன்கண்ணாடியும் பின்பக்கமும் ஒன்றையொன்று நோக்கிச் சாயும். அதன்மேல் கூரைச் சட்டத்தை எத்தனை தரம் நிமிர்த்தினாலும் வீண்.

சோதிப்பது எளிது. வண்டி நான்கு சக்கரத்தில் நிற்கும்போது கதவின் பின்விளிம்புக்கும் பாடிக்கும் உள்ள இடைவெளியை மேலும் கீழும் அளந்து குறியுங்கள். பிறகு முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் ஜாக்கியில் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்தி மறுபடி அளங்கள். இடைவெளி கண்ணுக்குத் தெரியும்படி மாறினால், அல்லது கதவு இறுகிக்கொண்டால், இந்த வழிகாட்டியை மூடி வைத்துவிட்டு முதலில் பாடி வேலை செய்பவரிடம் போங்கள். மாறவில்லையா, அடுத்து கதவுக் கண்ணாடி முழுக்க ஏறுகிறதா, முன்கண்ணாடியின் சாய்வு இரு பக்கமும் ஒன்றுதானா என்று பாருங்கள். பல பிரிட்டிஷ் வண்டிகளில் முன்கண்ணாடித் தூணின் அடியில் மெல்லிய தகடுகள் செருகியிருப்பார்கள், பழைய உரிமையாளர் யாராவது அதைத் தொலைத்திருப்பார். முன்கண்ணாடியும் கதவும் இடத்துக்கு வந்த பிறகுதான் கூரைக்கு அளவுகோலே கிடைக்கிறது.

கழற்றும் முன் அளவு

பழைய துணி கிழிந்திருந்தாலும் அதை உடனே பிய்த்துப் போடாதீர்கள். கூரையைப் போட்டு, தாழ்களைப் பூட்டி, வண்டியை மேடுபள்ளம் இல்லாத தரையில் நிறுத்துங்கள். முன்சட்டத்தின் பின்விளிம்பிலிருந்து முதல் வளைவு (துணியை அடியிலிருந்து தாங்கும் குறுக்குக் கம்பி) எவ்வளவு தூரம், முதல் வளைவிலிருந்து அடுத்தது எவ்வளவு என்று நடுவிலும் இரு ஓரங்களிலும் அளந்து எழுதுங்கள். வளைவுகளை அவற்றின் இடத்தில் நிறுத்துவது துணிக்கு அடியில் முன்பின்னாக ஓடும் இரண்டு நாடாப் பட்டைகள். அவை இற்றுப்போயிருந்தால் அளவு நீண்டு காட்டும், அதையும் குறிப்பில் எழுதி வையுங்கள்.

பிறகு மூலைவிட்டம். சட்டத்தின் காலை வண்டியோடு பூட்டும் இடப்பக்கக் கால் போல்ட்டிலிருந்து முன்சட்டத்தின் வலது மூலைக்கு ஒன்று, வலதிலிருந்து இடதுக்கு ஒன்று. நம் ஊர்க் கொத்தனார் அஸ்திவாரத்துக்குக் கயிறு கட்டிப் பார்ப்பாரே, அதேதான். இரண்டும் 3 மி.மீ.க்குள் ஒத்துப்போனால் சட்டம் சதுரமாக இருக்கிறது. என்னுடையதில் வித்தியாசம் 14 மி.மீ. புடவை நனைந்த காரணம் அந்த எண்ணில் இருந்தது.

படம் எடுப்பதில் கஞ்சத்தனம் வேண்டாம். ஒவ்வொரு மூட்டையும் மடங்கிய நிலையில், பாதி மடங்கிய நிலையில், நிமிர்ந்த நிலையில் எடுங்கள். வாசர் எந்தப் பக்கம் இருந்தது என்பது மூன்று மாதம் கழித்து ஞாபகம் இருக்காது. இடது, வலது என்று எழுதிய தனித்தனிப் பைகளில் போட்டு வையுங்கள்.

பிடித்துக்கொண்ட திருகுகள்

இங்கேதான் பாதிப் பேர் பொறுமை இழக்கிறார்கள். இந்த ஊரில் எல்லார் வீட்டு கராஜிலும் இருக்கும் கியூ20 என்ற துரு இளக்கும் எண்ணெய்ப் புட்டியை எடுத்து ஒவ்வொரு திருகுக்கும் மாலையில் ஒரு முறை, காலையில் ஒரு முறை என்று மூன்று நாள் அடியுங்கள். அதிலும் அசையாவிட்டால் அசிட்டோனும் ஆட்டோமேட்டிக் கியர் எண்ணெயும் சரிபாதி கலந்த கலவை உதவும். அது தீப்பற்றும், பிளாஸ்டிக்கைக் கரைக்கும், பெயிண்ட்டைத் தின்னும். சொட்டுச் சொட்டாக, துணி சுற்றிப் போடுங்கள்.

திருப்புளியைப் பொருத்தும் முன் திருகின் தலையைப் பாருங்கள். சிலுவைக் கோடுகளுக்கு நடுவில் மெல்லிய நான்கு கீறல்கள் இருந்தால் அது போஸிடிரைவ். 1960-களின் பிரிட்டிஷ் வண்டிகள் பலவற்றில் இதுதான். சாதாரண ஸ்டார் திருப்புளியைப் போட்டுத் திருகினால் தலை வழவழவென்று ஆகிவிடும், அப்புறம் டிரில்தான் கதி. சரியான முனையைப் போட்டு, திருப்புளியின் பின்னால் சுத்தியலால் இரண்டு தட்டுத் தட்டிவிட்டு, முதலில் இறுக்கும் பக்கம் ஒரு மயிரிழை, பிறகு கழற்றும் பக்கம் திருப்புங்கள்.

எம்ஜிபியின் முன்கண்ணாடிச் சட்டம் அலுமினியம், அதில் போகும் திருகுகள் இரும்பு. உப்புக்காற்றின் ஈரம் இரண்டுக்கும் நடுவில் புகுந்தால் ஒரு சின்ன பேட்டரிபோல வேலை செய்து அலுமினியத்தை வெள்ளைப் பொடியாக்கும். அந்தப் பொடி திருகைச் சுற்றிச் சிமெண்ட்டாக இறுகும். இங்கே முரட்டுத்தனம் காட்டினால் திருகு முறியும், இல்லாவிட்டால் அலுமினியத்தின் மறை (துளைக்குள் இருக்கும் புரி) பிடுங்கிக்கொண்டு வரும். ஹீட் கன்னால் சூடு காட்டுங்கள். இரும்பைவிட அலுமினியம் ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும் என்பதால் சூட்டில் பிடி தளரும். பக்கத்தில் கண்ணாடி இருப்பதை மறக்காதீர்கள். ஒரே இடத்தில் சூட்டை நிறுத்தினால் கண்ணாடி விரிந்து வெடிக்கும்.

இன்னொன்று. முறிந்த திருகுக்குப் பதிலாக வீட்டில் கிடக்கும் 5 மி.மீ. மெட்ரிக் திருகைப் போட வேண்டாம். இந்த வண்டிகளில் இருப்பது பெரும்பாலும் 10-ஆம் எண் யூஎன்எஃப் என்ற அங்குல அளவுத் திருகு. அதன் விட்டம் 4.83 மி.மீ., புரி இடைவெளி 0.79 மி.மீ. மெட்ரிக்கில் 5.00-ம் 0.80-ம். ஆகவே முதல் இரண்டு சுற்று வெண்ணெய்போல ஏறும், மூன்றாவதில் இறுகும், நான்காவதில் மறை நாசம். என் வண்டியில் முந்தைய உரிமையாளர் இப்படி நாசம் செய்த துளைகள் மூன்று.

துருவை இறக்குதல்

கழற்றிய பாகங்களை மூன்று குவியலாகப் பிரியுங்கள். வெறும் இரும்பு, பித்தளை, பிறகு குரோம் பூசிய வார்ப்புகள். இந்தப் பிரிப்பைச் செய்யாமல் எல்லாவற்றையும் ஒரே தொட்டியில் போட்டால் வருத்தப்படுவீர்கள்.

இரும்புச் சட்டத்துக்கு எனக்குப் பிடித்தது மின்சாரத் தொட்டி. பிளாஸ்டிக் தொட்டியில் தண்ணீர், 4 லிட்டருக்கு ஒரு மேசைக்கரண்டி சலவைச் சோடா. சாதாரண 12 வோல்ட் பேட்டரி சார்ஜர். கறுப்பு முனை துருப்பிடித்த பாகத்துக்கு, சிவப்பு முனை வேண்டாத பழைய இரும்புத் தகட்டுக்கு. இரண்டும் ஒன்றையொன்று தொடக்கூடாது. சிவப்பு முனையில் ஒருபோதும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் மாட்டாதீர்கள். அது கரைந்து புற்றுநோய் உண்டாக்கும் குரோமியம் தண்ணீரில் கலக்கும். தொட்டியிலிருந்து ஹைட்ரஜன் வாயு குமிழியாக வரும், ஆகவே மூடிய கராஜில் வேண்டாம், வெளியே கூரைக்கடியில் வையுங்கள். தகடு பார்க்கும் பக்கம்தான் துரு போகும், அதனால் பாதியில் திருப்பிப் போடுங்கள். இடையில் மின்சாரம் போனால் பதற வேண்டாம். காரத் தண்ணீரில் கிடக்கும் இரும்புக்கு ஓரிரு மணி நேரத்தில் ஒன்றும் ஆகாது.

ஸ்பிரிங்கை மட்டும் இதில் போடாதீர்கள். கடினமாக்கிய எஃகு ஹைட்ரஜனைக் குடித்துவிட்டுப் பிறகு ஒருநாள் பட்டென்று முறியும். கம்பி பிரஷும் உப்புத்தாளும் அதற்குப் போதும்.

ஓர் எச்சரிக்கை. பழைய சின்னப் பாகங்களில் மங்கிய வெள்ளி நிறப் பூச்சு இருந்தால் அது காட்மியமாக இருக்கலாம். சாணை பிடித்தால் வரும் தூசி நஞ்சு. ஈரத்தோடு தேயுங்கள், முகமூடி போடுங்கள்.

பித்தளைக்கு நம் வீட்டு வைத்தியமே போதும். என் மனைவியின் ஆயா வெள்ளிக்கிழமை காமாட்சி விளக்கு தேய்ப்பதைப் பார்த்தேன், அதே புளியைக் கேட்டு வாங்கி வந்து பட்டன்களைத் தேய்த்தேன். பத்து நிமிடத்தில் பச்சைக் களிம்பு போய்விட்டது. தேய்த்ததும் சோடா கலந்த தண்ணீரில் அலசி நன்றாகத் துடையுங்கள், புளிப்பு மூலையில் தங்கினால் மறுபடி களிம்பு ஏறும். "விளக்குக்கு வாங்கின புளிய காருக்குப் போடுறியா?" என்று ஆயா கேட்டதற்கு என்னிடம் நல்ல பதில் இல்லை.

குரோம் வார்ப்புகள்தான் தொல்லை. கூரைத் தாழ்களின் கைப்பிடி பலவும் துத்தநாகக் கலவையில் வார்த்தவை. உடைந்த இடத்தில் சாம்பல் நிறத்தில் பொரபொரவென்று இருக்கும், காந்தம் ஒட்டாது. அமிலமும் சரி, மின்தொட்டியும் சரி, அதைத் தின்றுவிடும். குரோம் மேல் அம்மை போட்டாற்போல் குழி விழுந்திருந்தால் அடியில் வார்ப்பே அரித்திருக்கிறது என்று பொருள். மறுபூச்சுக்குக் கொடுத்தால் குழிகளைச் செம்பு பூசி நிரப்ப வேண்டும், அதைப் பொறுமையாகச் செய்பவர்கள் குறைவு. புதிய மறு உற்பத்தித் தாழ் கிடைத்தால் வாங்கிவிடுவதே என் கட்சி. பழையதை எறியாதீர்கள், ஸ்பிரிங்கும் கொக்கியும் பெரும்பாலும் பழையதில்தான் நன்றாக இருக்கும்.

மூட்டுகள்

கூரைச் சட்டத்தின் உயிர் அதன் மூட்டுகளில். ஒவ்வொரு மூட்டும் ஒரு ரிவெட்டில் சுழல்கிறது. ஐம்பது அறுபது வருடம் மடக்கி விரித்ததில் ரிவெட்டும் தேய்ந்திருக்கும், துளையும் முட்டை வடிவமாகியிருக்கும். ஒரு மூட்டில் அரை மி.மீ. ஆட்டம் பெரிதாகத் தெரியாது. ஆனால் மூட்டிலிருந்து முன்சட்டம் வரை நீளும் கம்பி நெம்புகோல் மாதிரி. இங்கே அரை மி.மீ. அங்கே பல மி.மீ. ஆகும், நான்கு மூட்டின் ஆட்டமும் சேர்ந்து கூரை காற்றில் படபடக்கும்.

கையால் பிடித்து ஆட்டிப் பாருங்கள். எந்த மூட்டு சத்தமிடுகிறதோ அதை மட்டும் பிரியுங்கள். இறுக்கமாகச் சுழலும் மூட்டைச் சும்மா விடுங்கள், எல்லாவற்றையும் புதிதாக்கும் ஆசை இங்கே வேண்டாம்.

ரிவெட்டை எடுக்க: தலையின் நடுவில் பஞ்ச்சால் ஒரு பொட்டு. 3 மி.மீ. டிரில்லால் தலையின் ஆழத்துக்கு மட்டும் துளை. பிறகு ரிவெட்டின் உடல் விட்டத்தைவிடச் சற்றே சிறிய டிரில். தலை மோதிரம்போல் கழன்று வரும், மிச்சத்தைப் பஞ்ச்சால் தட்டி வெளியேற்றுங்கள். சாணை வைத்து மொத்தமாக அரைத்தால் சட்டமும் தேயும்.

துளை வட்டமாக இருந்தால் நல்லது. முட்டை வடிவமாகியிருந்தால் இரண்டு வழி. ஒன்று, அடுத்த அளவுக்குப் பெரிதாக்கி, ரீமரால் (துளையைச் சீராக்கும் கருவி) சுத்தம் செய்து, தடித்த ரிவெட்டு போடுவது. இரண்டு, துளையை வெல்டிங்கால் அடைத்து, சமமாக ராவி, புதிதாகத் துளையிடுவது. சட்டத்தின் பட்டை அகலம் குறைவு என்றால் இரண்டாவதுதான் சரி, இல்லாவிட்டால் துளையைச் சுற்றி இரும்பே மிஞ்சாது. லேத்து கைவசம் உள்ளவர்கள் துளைக்குள் மெல்லிய வெண்கல புஷ் (உள்வளையம்) போடலாம். நான் போட்டேன். தேவைக்கு மேற்பட்ட வேலைதான், ஆனால் லேத்துக்காரனிடம் போய் அதைச் சொல்லாதீர்கள்.

இப்போது மிக முக்கியமான விஷயம். புதிய ரிவெட்டை உடனே அடித்துவிடாதீர்கள். முதலில் எல்லா மூட்டிலும் தற்காலிகமாகச் சரியான தடிமனில் போல்ட்டும் பூட்டு நட்டும் போட்டுச் சட்டத்தைக் கோத்துக்கொள்ளுங்கள். வண்டியில் ஏற்றிப் பார்ப்பது, நிமிர்த்துவது, மறுபடி பார்ப்பது எல்லாம் போல்ட்டோடு. பெயிண்ட்டும் முடிந்த பிறகு கடைசியில்தான் ரிவெட்டு. முதல் தடவை நான் ரிவெட்டை முதலில் அடித்தேன், இரண்டு முறை பிரித்து மறுபடி அடித்தேன்.

ரிவெட்டு அடிக்கும் நாள் வந்ததும்: உடல், இரண்டு பட்டையின் தடிமனையும் வாசரையும் தாண்டி, அதன் விட்டத்தைப்போல 1 முதல் 1.5 மடங்கு நீண்டிருக்க வேண்டும். அடித் தலையைப் பட்டடையில் ஒரு குழியில் உட்கார வைத்து, உருண்டைத் தலைச் சுத்தியலால் நடுவில் ஓங்கி அடிக்காமல் ஓரங்களைச் சுற்றிச் சுற்றித் தட்டி விரியுங்கள். சுழலும் மூட்டு என்பதால் பட்டைகளுக்கு நடுவில் 0.2 மி.மீ. ஃபீலர் தகட்டை வைத்து அடித்துவிட்டுப் பிறகு உருவுங்கள். அந்த மயிரிழை இடைவெளியில்தான் மூட்டு இறுகாமலும் ஆடாமலும் சுழலும்.

கிரீஸ் வேண்டாம். துணியில் ஒட்டி, மணலைப் பிடித்து, வெயிலில் உருகி ஒழுகும். உலர்ந்த மெழுகு அல்லது டெஃப்லான் ஸ்பிரே போதும்.

கோணலை நிமிர்த்துவது

இடது பக்கச் சட்டத்தையும் வலது பக்கச் சட்டத்தையும் ஒன்றின்மேல் ஒன்றாகத் தரையில் வைத்தால் எது வளைந்தது என்று தெரிந்துவிடும். யாரோ கூரையை இழுக்கத் தாழைக் கழற்றாமல் பலத்தைக் காட்டியிருப்பார், அதனால் ஒரு பக்கம்தான் பெரும்பாலும் வளைந்திருக்கும். நல்ல பக்கத்தை ஒரு பிளைவுட்டில் வைத்துப் பென்சிலால் வரைந்துகொள்ளுங்கள், அதுதான் அச்சு. வளைந்ததைப் பெரிய வைஸில் தாடைக்கு மரக்கட்டை வைத்துப் பிடித்து, குழாயை மாட்டி மெல்ல நெம்புங்கள். குளிர்ந்த நிலையிலேயே செய்யுங்கள், ஒரே மூச்சில் நிமிர்த்தாதீர்கள். இரும்பு கொஞ்சம் திரும்பி வரும் என்பதால் ஒரு இழை அதிகமாக வளைத்து விட்டுப் பார்க்க வேண்டும்.

நிமிர்த்திய இடத்தில் விரிசல் வந்திருக்கிறதா என்று பூதக்கண்ணாடியில் பாருங்கள். பழைய வெல்டிங்கின் ஓரத்தில்தான் விரிசல் ஒளிந்திருக்கும். இருந்தால் வி வடிவில் சாணை பிடித்து, அடி வரை வெல்டிங் போட வேண்டும். மேலே மேலே வைத்த வெல்டிங் மறுபடி பிரியும்.

முன்சட்டத்தின் வேலை இதிலும் தனி. துணியின் முன்விளிம்பு ஒட்டப்படும் பள்ளத்தில் தண்ணீர் தேங்கி உள்ளிருந்து அரித்திருக்கும். ஊசி முனையால் குத்திப் பாருங்கள், ஊசி உள்ளே போனால் அந்தத் துண்டை வெட்டிப் புதிய தகடு வைக்க வேண்டும். மோரிஸ் மைனர்போல மரச் சட்டம் என்றால் பழையதை அச்சாக வைத்துப் புதிதாகச் செதுக்குங்கள். அசல் மரம் ஆஷ். இங்கே எளிதாகக் கிடைக்கும் சாலிக்னா என்ற யூகலிப்டஸ் மரமும் ஆணியைப் பிடித்துக்கொள்ளும், நன்கு உலர்ந்ததாக மட்டும் பார்த்து வாங்குங்கள்.

வெற்றுச் சட்டத்தை வண்டியில் ஏற்றுதல்

இதுதான் இந்த வேலையின் மையம். துணி இல்லாமல், பெயிண்ட் இல்லாமல், போல்ட்டில் கோத்த சட்டத்தை வண்டியில் பூட்டுங்கள். வளைவுகளை நீங்கள் எழுதிவைத்த இடைவெளியில் நிறுத்த, சாதாரண நாடாவைத் தற்காலிகமாகக் கட்டுங்கள். தாழ்களை மாட்டி மூலைவிட்டத்தை அளங்கள். கால் போல்ட்டுத் துளைகள் கொஞ்சம் நீண்டிருப்பதே இந்தச் சின்ன நகர்த்தலுக்காகத்தான்.

அடுத்தது சுண்ணாம்புச் சோதனை. முன்சட்டத்தின் கீழ்விளிம்பு முழுக்கச் சாக்பீஸைத் தேய்த்து, தாழைப் பூட்டித் திறந்து பாருங்கள். முன்கண்ணாடியின் மேல்விளிம்பில் வெள்ளைக் கோடு எங்கே விழவில்லையோ அங்கே சட்டம் தூக்கி நிற்கிறது. எனக்கு இடது மூலையில் ஒரு சாண் நீளத்துக்குக் கோடே இல்லை. பட்டுப்புடவைக்கு நேர் மேலே.

ரப்பர் சீல் எவ்வளவு தடிமன் வேண்டும் என்று அறிய, பிள்ளைகள் விளையாடும் களிமண்ணைச் சிறு உருண்டைகளாக ஒரு கைநீள இடைவெளியில் ஒட்டித் தாழைப் பூட்டுங்கள். நசுங்கிய உருண்டைகளின் தடிமனை அளந்தால் இடைவெளி எங்கெங்கே எவ்வளவு என்று எண்ணாகவே கிடைக்கும். இரண்டு ஓரத்துக்கும் நடுவுக்கும் 2 மி.மீ.க்கு மேல் வித்தியாசம் இருந்தால் சீலைத் தடிமனாக வாங்கிச் சமாளிக்க நினைக்காதீர்கள், மறுபடி முன்சட்டத்தை நிமிர்த்துங்கள்.

தாழின் கொக்கியில் புரி இருந்தால் அதைத் திருகி இழுவிசையைச் சரிசெய்யலாம். உள்ளங்கையால் அழுத்தினால் "டக்"கென்று நடுப்புள்ளியைத் தாண்டி உட்கார வேண்டும். இரண்டு கையும் தேவைப்பட்டால் அதிகம், விரலால் திறந்தால் போதாது. துணி போட்ட பிறகு இழுவிசை ஏறும், ஆகவே இப்போது கொஞ்சம் தளர்வாக விடுங்கள்.

பெயிண்ட்

எல்லாம் பொருந்தியதும் பிரித்து, கொழுப்பு நீக்கி, உடனே பிரைமர். டர்பன் ஈரத்தில் சுத்தமான இரும்பில் பத்து நிமிடத்திலேயே ஆரஞ்சு மினுமினுப்பு வந்துவிடும். ஜூன், ஜூலையில் செய்வது உத்தமம். காற்று உலர்ந்திருக்கும். ஆனால் உள்நாட்டிலிருந்து பெர்க் காற்று வீசும் சூடான நாளில் ஸ்பிரே பிடிக்காதீர்கள், பெயிண்ட் பரவும் முன்பே உலர்ந்து உப்புத்தாள்போல ஆகிவிடும்.

பவுடர் கோட்டிங் கொடுக்கலாமே என்பார்கள். நான் கொடுக்க மாட்டேன். பூச்சு தடிமனாகி மூட்டு இடைவெளியை அடைத்துவிடும், ஒரு இடத்தில் கீறல் விழுந்தால் உப்பு அதன் அடியில் ஊர்ந்து தோலுரிக்கும். எபாக்ஸி பிரைமரும் மேலே டூ-பேக் (பெயிண்ட்டும் இறுக்கியும் கலந்து அடிக்கும் வகை) அரைப்பளபளப்புக் கறுப்பும் போதும். டூ-பேக்கில் ஐசோசயனேட் உண்டு, நுரையீரலைக் கெடுக்கும். வெளிக்காற்று வரும் முகமூடி இல்லாவிட்டால் தொழில்காரரிடம் கொடுத்துவிடுங்கள். மூட்டுகள் உரசும் முகங்களில் மட்டும் டேப் ஒட்டிப் பெயிண்ட் படாமல் விடுங்கள்.

புதிய திருகுகள் ஸ்டெயின்லெஸ் என்றால் 316 ரகம் கேளுங்கள். கடலோரத்தில் 304 ரகத்தின் மேல் ஒரு வருடத்தில் டீ சிந்தினாற்போல் பழுப்புக் கறை படியும். அலுமினியத்தில் போகும் ஒவ்வொரு திருகிலும், இறுகிப் பிடித்துக்கொள்ளாமல் தடுக்கும் பசையைத் தடவிப் போடுங்கள். அடுத்த முறை கழற்றுபவர் உங்கள் மகனாகவே இருக்கலாம்.

பட்டன்களும் முளைகளும்

பெயர் குழப்பம் இங்கே அதிகம். கீழே அழுத்தினால் பூட்டும் சாதாரண பிரஸ் பட்டன் ஒன்று. லிஃப்ட்-த-டாட் என்பது மூன்று பக்கம் இறுகி ஒரு பக்கம் மட்டும் திறப்பது. மேலே புள்ளி போட்ட பக்கத்தைத் தூக்க வேண்டும், மற்றப் பக்கம் இழுத்தால் துணி கிழியும். ஆகவே மாட்டும்போதே அந்தப் புள்ளி துணியின் விளிம்புப் பக்கமாக இருக்கும்படி பாருங்கள். டெனாக்ஸ் என்பது மேல் குமிழை மேலே இழுத்தால் விடுவது, அதை இறுக்க இரண்டு முனை கொண்ட தனிச் சாவி வேண்டும்.

கார் உதிரிக் கடையில் கிடைக்காவிட்டால் துறைமுகத்துப் பக்கம் போங்கள். படகுக்குத் துணி தைப்பவர்கள் இதே பட்டன்களைத்தான் பயன்படுத்துகிறார்கள், உப்புக்குத் தாங்கும் ரகமாகவும் வைத்திருப்பார்கள். பட்டன் பூட்டும் முளைகளை முதலில் பாடியில் மாட்டி, துணியை வெயிலில் ஒரு மணி நேரம் விரித்து இளக வைத்து, நடுவிலிருந்து ஓரத்துக்கு இழுத்துக் குறித்த பிறகே துணியில் துளை போடுங்கள். எம்ஜிபியில் பின்பக்கத் துணி விளிம்பில் உள்ள கம்பி, டிக்கிக்கு முன் இருக்கும் இரண்டு தகட்டுக் கொக்கிகளில் முதலில் மாட்டும். அந்தத் தகடுகள் தளர்ந்திருந்தால் முன்னால் நீங்கள் செய்த அத்தனையும் அரை அங்குலம் பின்னே நழுவும்.

தண்ணீர்

சீல் போட்டு, துணி மாட்டி, தாழ் பூட்டிய பிறகு செய்தித்தாளை இரண்டு விரல் அகலத்துக்குக் கிழித்து, சீலுக்கும் கண்ணாடிச் சட்டத்துக்கும் நடுவில் வைத்துப் பூட்டி இழுங்கள். எல்லா இடத்திலும் ஒரே கனத்தில் உரசிக்கொண்டு வர வேண்டும். சும்மா உருவி வரும் இடத்தைச் சாக்பீஸால் குறியுங்கள்.

பிறகு குழாய். வேகமாகப் பீய்ச்சாதீர்கள், மழை அப்படிப் பெய்யாது. மெல்லிய ஓட்டத்தில் கதவின் அடியிலிருந்து தொடங்கி ஐந்தைந்து நிமிடமாக மேலே ஏறுங்கள். மேலிருந்து தொடங்கினால் எங்கே ஒழுகுகிறது என்பதே தெரியாது. உள்ளே ஒருவர் டார்ச்சோடு உட்கார வேண்டும். என் வண்டியில் உட்கார்ந்தது மனைவி, இந்தத் தடவை பழைய நைட்டியில். கால் மணி நேரம் கழித்துக் கண்ணாடியை இறக்கி, "கதவுப் பக்கம் ஒரு சொட்டு. மேலே ஒண்ணுமில்ல," என்றாள். கதவு ரப்பரை அடுத்த சனிக்கிழமை மாற்றினேன்.